மையவாடிக்குப் போகாத துண்டு

கிண்ணியா

அன்பு மகள் ஆதிலாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் தந்த ஆயுசோடு நானும் வாப்பாவும் இருக்கிறோம், கச்சான் காற்றுக்கு வாப்பாவுக்கு இருமல்தான் விட்டபாடில்லை. நீயும் மருமகன் இஹ்ஸானும் அந்த மெல்பேர்ன் குளிரில் சுகமாக இருக்க துஆக் கேட்கிறேன். போனில் சொல்லாமல் உம்மா ஏன் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைக் கேட்டு நானும் அழுவேன், பக்கத்து அறையில் படுத்திருக்கும் சாச்சிக்குக் கேட்கும்.

என் தங்கச்சி, உன் ஸுல்பிகா சாச்சிக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் திரும்பி வந்திருக்கிறது மகள். போன வருஷம் ஒப்பரேசனோடு எல்லாம் போய்விட்டது என்றுதானே இருந்தோம். இப்போது புதிதாக ஓர் ஊசி இருக்கிறதாம், ஆனால் எல்லோருக்கும் பிடிக்காதாம். கட்டியின் சதையில் ஓர் அடையாளம் இருக்கிறதா என்று சோதித்தால்தான் அது இவளுக்கு வேலை செய்யுமா என்று தெரியுமாம். அந்தச் சோதனை இங்கே செய்ய ஏலாது, சதையைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று லேடி டொக்டர் சொன்னதும் என் தலையில் இடி விழுந்தது. அந்தச் சதைதான் மண்ணுக்குள் போய்விட்டதே! "என்ட உடம்புல வெட்டினதக் குப்பையில போட விடாதீங்க மச்சான்" என்று சாச்சி கெஞ்சி, வாப்பா ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்கியது உனக்கும் தெரியும். புதிதாகச் சதை எடுப்போம் என்றால், இன்னொரு முறை அந்தக் கட்டிலில் படுக்கவே மாட்டேன் என்று சாச்சி ஒரே பிடி.

டொக்டர் சிரித்துவிட்டு, யார் கேட்டாலும் முழுவதையும் கொடுப்பதில்லை, நகமளவு துண்டை மெழுகில் பதித்து லேப் அலுமாரியில் வைத்திருப்போம், பழுதாகாமல் இருந்தால் அதுவே போதும் என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. உன் சாச்சிக்கோ வந்ததே கோபம்! "என்னட்டக் கேக்காம என்ட சதைய அலுமாரில வெச்சிருக்கிறீங்களா? தாங்க, அதையும் அடக்கிப்போட்டு நான் நிம்மதியாக் கண்ண மூடுறன்" என்று எழும்பிவிட்டாள். பஸ்ஸிலும் என் பக்கத்தில் உட்காராமல் வேறு சீட்டில் இருந்துதான் பாலம் கடந்து வீடு வந்தாள். அதற்குப் பிறகு நானும் வாப்பாவும் மாறி மாறிச் சொல்லியும் கேட்கவில்லை, பிடிவாதத்தில் அவளை வெல்ல ஊரில் யார் இருக்கிறார்கள்?

கடைசியில் நீ விட்ட பிழைதான் அவளை வளைத்தது. சின்ன வகுப்பில் 'என் சாச்சி' என்று எழுதச் சொன்னால் 'என் சாட்சி' என்று எழுதி டீச்சரிடம் ஏச்சு வாங்கினாயே, கஞ்சி கொடுக்கும்போது அதைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், பிறகு கோப்பையைத் தள்ளி வைத்தாள். "மறுமையில கை, கால், தோலெல்லாம் சாட்சி சொல்லும் எண்டுதானே ஓதியிருக்கிறம் ராத்தா. இந்தத் துண்டு துன்யாவுலயே எனக்காக ஒரு சாட்சி சொல்லட்டும், அனுப்பச் சொல்லுங்க" என்றாள். நான் குசினிக்குள் போய் அழுதேன் மகள்.

இந்தக் கிழமைதான் முடிவு வந்தது. துண்டு பழுதாகவில்லை, அந்த அடையாளமும் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். முழுச் சுகம் என்று டொக்டர் வாக்குக் கொடுக்கவில்லை, ஊசி பிடிக்கும் என்று நம்புகிறார், மருந்துக்கும் எழுதிவிட்டார். நீ சாச்சிக்குப் போன் எடு, ஆனால் மூக்கை உறிஞ்சாதே, பாலாணக் கறி எப்படி வைப்பது என்று கேள், அவளுக்குப் புழுகம் பிடித்து முகம் மலர்ந்துவிடும். நீயும் அங்கே கட்டாயம் அந்தக் கருப்பைக் கழுத்துச் சோதனையைச் செய்துகொள். இவள் இரத்தத்தைக் கண்டும் வெட்கத்தில் மறைத்தாள், வெட்கம் உயிரைத் தின்றுவிடும்.

முடிவு தெரிந்த அன்று, மெழுகில் மிச்சம் இருப்பதைக் கேட்டு வாங்கி அடக்கிவிடுவோமா என்று நானே கேட்டேன். "அதுக்கென்ன அவசரம் ராத்தா, நான் இஞ்ச இருக்கிறன்தானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

உங்கள் இருவரையும் அல்லாஹ் நோய்நொடி அண்டாமல் காப்பானாக. சோதனைக்குப் போய்வந்த பிறகு எனக்குப் பதில் போடு, போகாமல் போடாதே.

உன் உம்மா
நஸ்ரியா