யாரும் கேட்காத கேள்வி

இன்று கருத்தரங்குக்கு வந்த விருந்தாளியின் சட்டையில் எப்போதும் உன் கையில் இருந்த அந்தச் சின்ன மைக்கைக் குத்திவிட்டேன். அதன் பஞ்சில் இன்னும் உன் தலையிடித் தைலத்தின் மணம்.

பயன்பாட்டுக் கணிதமும் இயந்திரக் கற்றலும் என்று பெயர் வைத்து இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நாம் இருவரும் தொடங்கியபோது பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் பாதிப்பேர் சிரித்தார்கள். தமிழில் நடத்தப்போகிறோம் என்றதும் மீதிப்பேரும் சிரித்தார்கள். பிறகு கிராண்ட்பாஸிலிருந்து நஸ்ரீனா படிக்க வந்தாள். சிறுவயதுக் காய்ச்சலில் காது போனவள். அவளுக்காகத்தான், பேச்சைக் கேட்டு உடனே எழுத்தாகத் திரையில் போடும் செயலியை நீ செய்தாய். பழைய கூட்டங்களின் ஒலிப்பதிவுகளைக் கொடுத்து அதைப் பழக்கினாய். அவற்றில் கூடுதலாக ஒலித்தது உன் குரல்தான். யார் பேசி முடித்தாலும் சற்று மௌனம் விழும். அந்த மௌனத்தில் நீ கேட்பாய்: "உங்கட தரவில இல்லாத ஆக்கள் ஆர்?"

போன வருட விடுமுறையில், வெள்ளவத்தை வீட்டில், நித்திரையிலேயே போய்விட்டாய். பொரளை மயானத்தில் உன்னை எரித்துவிட்டு வந்தோம். அடுத்த தவணையில் கூட்டத்தை நான் தனியாகத் தொடங்கினேன்.

முதல் பேச்சு, டெங்கு எங்கே பரவும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு கணித மாதிரியைப் பற்றியது. வெளியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பேசினார். முடித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்போது திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

உங்கட தரவில இல்லாத ஆக்கள் ஆர்.

நஸ்ரீனா கதிரையில் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். நீ வழமையாக இருக்கும் பக்கம் அது.

"ஆரு மிஸ் கேட்ட?"

அந்த இளைஞருக்கு உன்னைத் தெரியாது. திரையைப் பார்த்தார், யாரோ கேட்டதாக எண்ணிப் பதில் சொல்லத் தொடங்கினார். "ஆஸ்பத்திரிக்கே வராத ஆக்கள்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "அவையள நான் கணக்கில எடுக்கேல்ல. அந்த இடங்களில காய்ச்சலே இல்லையெண்டுதான் என்ர மாதிரி சொல்லுது."

காரணம் எனக்குத் தெரியும். குரல் இல்லாத இடத்தில் அந்தச் செயலி சும்மா இருக்காது. அங்கே தான் அதிகம் கேட்டுப் பழகியதை எழுதிவிடும். வகுப்பில் நானே படிப்பிக்கிற விஷயம். ஆனாலும் கொட்டாஞ்சேனைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் வழிநெடுக மயிர் கூச்செறிந்தபடியே இருந்தேன். அடுத்த கிழமையும் எழுதியது. அதற்கடுத்த கிழமையும் எழுதியது.

நஸ்ரீனா என் அறைக்கு வந்தாள். "மிஸ், அந்த நேரம் ஆரும் பேசல்லதானே. எல்லார்ர முகத்தயும் பார்த்தேன். பேசாததயும் இது எழுதினா, எழுதினதுல எத நான் நம்புற?"

உன் அம்மாவிடம் சொல்லாமல் அந்தச் செயலியில் கைவைக்க மனம் வரவில்லை. வெள்ளவத்தைக்குப் போய்ச் சொன்னேன். கரையோர ரயில் கடந்து போனபிறகு கேட்டார்.

"குரலும் வருமோ, பிள்ளை?"

"இல்லை அம்மா. எழுத்து மட்டும்தான்."

"ஒருக்காப் பாக்கவேணும்."

வந்தார். நல்ல சேலை உடுத்தி, முன்வரிசையில் இருந்து, விளங்காத சமன்பாடுகளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து மௌனம் விழுந்தது. எழுத்தும் வந்தது. அதை வாய்க்குள் மெல்ல வாசித்தார்.

"பள்ளிக்கூடத்தால வந்தாலும் இப்பிடித்தான். இண்டைக்கு ஆர் வரேல்லை எண்டுதான் முதல் சொல்லுவாள்."

வெளியே வந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்தார். "நிப்பாட்டு, பிள்ளை. காது கேளாத பிள்ளைக்கெண்டுதானே அவள் செய்தவள்."

ஆளில்லாத மண்டபத்தின் சத்தத்தைப் பதிவு செய்தேன். இது ஒன்றுமில்லை, இங்கே யாருமில்லை என்று திரும்பத் திரும்ப அதற்குக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொண்டது.

இப்போது ஒருவரும் பேசாதபோது திரை வெறுமையாக நிற்கிறது. நஸ்ரீனா அந்த வெறுமையை நம்புகிறாள். எனக்குத்தான் அந்த நொடிகளில் முதுகு குளிர்கிறது, யாரோ கேட்க வாயெடுத்து அப்படியே நிற்பதுபோல. அந்தக் குளிர் போகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதோடுதான் வெள்ளிக்கிழமைகளில் மண்டபக் கதவைத் திறக்கிறேன்.