நான்காம் பத்தியை வெட்டியது யார்

மார்ச் 4, செவ்வாய்

கோபம் தலைக்கேறியிருக்கிறது. வரிசைப்படுத்தினால் அடங்குமா பார்க்கிறேன்.

1. புதிய விதி வந்தால் மில்காவின் கடன் சங்கம் மூடப்படும்.
2. அதைக் காப்பாற்றும் பத்தியை எங்கள் கூட்டு மனுவிலிருந்து டேரல் வெட்டிவிட்டான்.
3. மற்ற இருவரும் வாயைத் திறக்கவில்லை.
4. நானும்தான்.

முதலாவது. கடன் சங்கங்கள் வாரம் ஐந்து நாள் திறந்திருக்க வேண்டும், முழுநேர மேலாளர் வேண்டும் என்று நான்கு மாநிலங்களும் ஒரே விதியைக் கொண்டுவருகின்றன. பியூட் நகரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மில்கா நடத்துவது வாரம் இரண்டு நாள்தான் திறக்கும். உறுப்பினர்கள் பெரும்பாலும் பழைய செப்புச் சுரங்கக்காரர்கள். சிறிய சங்கங்களுக்கு விலக்கு கேட்டு நான்காம் பத்தியை எழுதியவன் நான். இன்று எங்கள் மாநில நிதித் துறைக்குப் போன மனுவில் அது இல்லை.

மார்ச் 5

இரண்டாவது. நான்கு மாநிலக் கடன் சங்கக் கூட்டமைப்புகளிலும் விதிகளைக் கவனிப்பவர்கள் நாங்கள் நால்வர். வரைவு எங்களுக்குள் சுற்றும். வெள்ளி நண்பகலுக்குள் மறுக்காவிட்டால் சம்மதம். பக்கத்து மாநிலத்தில், பாய்சி நகரில் இருக்கும் டேரலுக்கு விலக்கு என்றாலே ஆகாது. வேறு யார் வெட்டியிருப்பார்கள்?

மார்ச் 11

வாராந்தரத் தொலைபேசிக் கூட்டம். திருத்த மனு அனுப்பலாமா என்று கேட்டேன். கேட்டேனா, முனகினேனா?

“பெரியவரே, நாலு பேரும் ஒரே குரல்ல பேசினாத்தான் துறை காது கொடுக்கும். ரெண்டு நாள் தொறக்கிற பெட்டிக்கடைக்காக எல்லாத்தையும் கெடுக்கணுமா?” என்றான் டேரல்.

நான் “சரி” என்றேன். சரியாம்! முப்பத்தோரு வருஷமா இதைச் சொல்லியே குப்பை கொட்டியிருக்கேன்.

மார்ச் 12

மில்கா கூப்பிட்டாள். பத்தி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

“படி எறங்க முடியாதவங்க வீட்டுக்கு நானே போறேன், ஹால்வர். பெரிய சங்கத்துலேருந்து யாரு போவா?”

மார்ச் 17

நாளை எங்கள் மாநிலத் தலைநகர் ஹெலனாவில் பொது விசாரணை. எல்லார் முன்னாலும் டேரலை மாட்டவைக்க வரைவின் திருத்த வரலாற்றை அச்செடுத்தேன். பதினேழு பக்கம். இரண்டு முறை படித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 18

நால்வர் சார்பிலும் டேரல் பேசி அமர்ந்தான். நான் கையைத் தூக்கினேன். சிறிய சங்கங்களைப் பற்றிச் சொன்னேன்.

“இது உங்க மனுவுலயே இல்லையே” என்றார் துறை அதிகாரி அம்மா.

“இருந்தது. எடுத்தது நான்தான்.”

டேரல் என்னைத் திரும்பிப் பார்த்தான். மூன்றாம் வரிசையிலிருந்து மில்காவும்.

ஏப்ரல் 9

விதி வந்துவிட்டது. எங்கள் மாநிலத்தில் மட்டும் சிறிய சங்கங்களுக்கு இரண்டு வருட அவகாசம். விலக்கு இல்லை.

“ரெண்டு வருஷமா? அதுக்குள்ள எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு போய்ச் சேந்துடுவாங்க” என்று சிரித்தாள் மில்கா. என்னை மன்னித்தாளா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

டேரல் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. பெட்டிக்கடை என்றானே. ஆனால் இரண்டாவது குறிப்பு தவறு. அவன் அந்தப் பத்தியை நீக்கலாம் என்று கோடிட்டு, “இது வேணுமா, ஹால்வர்?” என்று ஓரத்தில் கேட்டுத்தான் வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு, அடிக்குறிப்பு எண்களையெல்லாம் ஒழுங்காகச் சரிபார்த்துவிட்டு, அதைப் படிக்காமலே, எல்லாத் திருத்தங்களையும் ஏற்கும் பொத்தானை அழுத்தியவன் நான்.