பாதி ரொட்டியை வாசலில் வைத்த நீதவானுக்கு

அன்புள்ள நீதவான் ஐயா,

முதலில் மன்னித்துவிடுங்கள். ஊரில் இருந்த உங்கள் தங்கைக்கு நீங்கள் எழுதிய கடிதங்களை, யாரையும் கேளாமல் மூன்று வருடமாக வாசித்தவள் நான். இவ்வளவையும் வாசித்துவிட்டுப் பதில் போடாமல் இருக்க மனம் வரவில்லை.

நான் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். உங்கள் வாழ்க்கைதான் என் ஆய்வு. தம்பியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினீர்கள். அங்கே சனம் ஆங்கில அரசருக்கு எதிராக எழும்பியபோது நீங்கள் அரசரின் படையில் சேர்ந்தீர்கள். தோற்றீர்கள். வீடு வளவு பறிபோய், கனடாக் காட்டுக்கு அகதியாகப் போய், நீதவானாகி, சட்டசபைக்கும் போனீர்கள். உங்களுக்குக் கிடைத்த காணியில் முன்பே இருந்த ஆதிக்குடிகளைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு வாரம் நான் நூலகப் பக்கமே போகவில்லை. தெரியுமா?

சாப்பாட்டு மேசையில் அப்பா கேட்பார்: "இண்டைக்கு உன்ர நீதவான் என்னவாம்?"

"எலெக்‌ஷன் வெண்டிட்டார் அப்பா."

"பாத்தியே! தோத்தவனுக்கும் ஒரு காலம் வரும்."

"அவர் செத்து இருநூறு வருசம். இஞ்ச புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ" என்பார் அம்மா.

ஒருநாள் அந்தக் கடிதத்தைச் சொன்னேன். போர் முடிந்து பல வருடம் கழித்து, எதிர்ப்படையில் நின்ற தம்பியைப் பார்க்கப் போனீர்கள். அவர் கதவு திறக்கவில்லை. படியில் இருந்து, கொண்டுபோன ரொட்டியில் பாதியைச் சாப்பிட்டு, மற்றப் பாதியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினீர்கள்.

அப்பா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். "நானும் உவரை மாதிரித்தான் பிள்ளை. யாழ்ப்பாணத்தில அரசாங்கப் பொலிஸில இருந்தனான். சம்பளத்துக்குத்தான் போனது. துரோகி எண்டு இயக்கப் பெடியள் நோட்டீஸ் ஒட்டினவங்கள். ஓடி வந்திட்டன்."

இங்கே எங்கள் சனம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எனக்கு மட்டும் தெரியாது. தமிழ்ப் பள்ளி விழாக்களில் அப்பாவின் ஒரு பக்கம் அம்மா இருப்பார். மறுபக்க நாற்காலியில் யாரும் வந்து இருப்பதில்லை; எங்கள் கோட்டுகள்தான் இருக்கும். அது ஏன் என்று அன்றுதான் விளங்கியது.

நாளை அந்த விழாக்கள் நடக்கும் அதே மண்டபத்தில் உங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். மேடையில் தனியாக நிற்க எனக்குப் பயம். அப்பாவையும் வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"ஏலாது பிள்ளை. என்னால உனக்கு ஒரு சொல் வரக்கூடாது."

"அப்ப என்னாலயும் கதைக்க ஏலாது."

"ஓம், வாறன். நீ என்ர கதையை எழுதுறதெண்டாலும் எழுது. தெரியாத ஆக்கள் ஆர் இருக்கினம்?" இன்று காலை அப்பா ஒரே சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டார்.

உங்களை வீரராகவோ துரோகியாகவோ காட்ட மாட்டேன். வாசலில் வைத்த ரொட்டியைக் கட்டாயம் சொல்வேன். இது சத்தியம்.

கேட்கக் கூச்சப்பட்டு ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நாளை எங்கள் கோட்டுகளை வெளியே கொழுவிவிடுவேன். வேறு யாராவது வந்து இருக்கும்வரை, அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருப்பீர்களா, ஐயா?

உங்களுக்குப் பேத்தி முறையான,
ஒரு பொலிஸ்காரரின் மகள்