குழாயைச் சுருட்டி வைத்த பிறகு

மாதா துணை
ஜுபைல், 8-10-2006

என் பிரியமுள்ள லீமாவுக்கு,

கடலில் இருந்து ஏறி, குளித்து, மீன் நாற்றம் பாதி போன நிலையில் எழுதுகிறேன். மீதி நாற்றம் காகிதத்தோடு வந்தால் பொறுத்துக்கொள். கரைக்கு வந்து பார்த்தால் உன் கடிதம் இல்லை. ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். பத்து பாஸான நீ எனக்கு ஒரு வரி எழுதக்கூடாதா?

எங்கள் படகில் எனக்கும் தொபியாசுக்கும் கிறிஸ்துமசுக்கு லீவு கிடைத்துவிட்டது. வந்ததும் நம்ம பொடியனுக்கு ஞானஸ்நானம். தொபியாஸ்தான் தலைதொட்டப்பன், பிள்ளைக்கு ஞானத்தகப்பன் என்று நாம் மூவரும் பேசி முடித்தது. இதில் உன் அண்ணன் ஜெர்வாசுக்கு வருத்தம் என்று போன மாதம் எழுதியிருந்தாய். அடுத்த பிள்ளைக்கு அவர் நிற்கட்டும். நான் காய்ச்சலில் கிடந்த மாதம் முழுக்க என் பங்கு வலையையும் சேர்த்து இழுத்தவன் தொபியாஸ். பிள்ளை இல்லாதவன். பொடியனுக்கு நீலச் சட்டை ஒன்று வாங்கி, தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். தலைதொட்டப்பன்தானே பேர் வைக்க வேண்டும், பேரும் தேர்ந்துவிட்டானாம். கேட்டால், "ஞானஸ்நானத் தொட்டிகிட்ட வச்சு சொல்லுவேன், ஒனக்கு இப்பம் எதுக்குலே?" என்கிறான். பெற்ற எனக்கே பிள்ளையின் பேர் தெரியாது, பார்த்துக்கொள்.

உன்,
ஏசுஅடிமை

---

மாதா துணை
நாகர்கோவில், 17-10-2006

அன்புள்ள அத்தானுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். பயப்படாதீர்கள். பொடியனுக்குச் சளி பிடித்து, இரண்டு நாளில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. பால் குடிக்கவில்லை. ஜெர்வாஸ் அண்ணன்தான் தன் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்.

மூக்கில் சின்னக் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். கால் விரலில் சிவப்பு வெளிச்சம் எரிகிற ஒரு கிளிப். ஆக்சிஜன் என்றதும் நான் விழுந்து அழுதேன். டாக்டரம்மா அதட்டினார்: "எதுக்கு இப்பம் அழுதிய? ஆக்சிஜன் வச்சா கடைசின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? வைரஸ் சளி. நெஞ்சுக்குள்ள சின்னச் சின்ன மூச்சுக்குழாய் எல்லாம் வீங்கிக் கெடக்கு. அதுவா வடியும். அதுவரைக்கும் பிள்ளை தளராம இருக்க ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான்."

பெரிய மருந்து ஒன்றும் இல்லை. இன்னொரு குழாய் வழியாகப் பால் போகிறது. கிளிப்பில் காட்டுகிற எண் நிலையாக நின்றால், ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுத்துவிடுவார்களாம். இப்போதே மூச்சு தணிந்திருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
லீமா

---

மாதா துணை
ஜுபைல், 27-10-2006

என் லீமா,

கரையேறியதும் உன் கடிதம். தொபியாஸ்தான் படித்தான், என் கண்ணில் எழுத்து நிற்கவில்லை. 'ஆக்சிஜன்' வந்த இடத்தில் இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம். நல்லவேளை, அடுத்த வரியில் டாக்டரம்மா வந்தார். அவர் பேசியதை மட்டும் தொபியாசைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அதன்பிறகுதான் சோறு இறங்கியது.

உன் அண்ணன் போனுக்கு அடித்தேன். "பிள்ளை சொகமா இருக்கான்" என்று சொல்லி வைத்துவிட்டார். நம் கடற்கரை ஊரில் ஆக்சிஜன் என்று காதில் விழுந்தால் சவப்பெட்டிக்கு அளவெடுக்கக் கிளம்புகிற ஆட்கள் உண்டு. டாக்டரம்மா சொன்னதை எல்லாரிடமும் உரக்கச் சொல்லு. தனியாக எவ்வளவு பாடுபட்டிருக்கிறாய். நான் இங்கே மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உன்,
ஏசுஅடிமை

---

மாதா துணை
30-10-2006

அன்புள்ள அத்தானுக்கு,

பொடியனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வயிறு நிறையக் குடிக்கிறான்.

ஒரு காரியம் உங்களுக்குப் போன் அடித்துச் சொல்லவில்லை. அண்ணன், எழுது போதும் என்றார். ஆஸ்பத்திரியிலேயே அவனுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிட்டோம். ஆக்சிஜன் வைத்திருக்கிற பிள்ளை, ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் போய்ப் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தார். தலைதொட்டப்பனாக அவரே நின்றார். லிஜின் என்று பேர். ஞானஸ்நானம் ஒரு தடவைதானே, இனி மாற்ற வழியில்லை. தொபியாஸ் அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். நான் இங்கே அண்ணன் வீட்டில் இருக்கிறேன். பிள்ளைக்கு மூச்சு திணறியபோது வண்டி எடுத்தது அவர்தான். கோபப்படாதீர்கள். ஞானஸ்நானத்தன்று எடுத்த படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அழகாக இருக்கிறான்.

உங்கள்,
லீமா

---

ஜுபைல், 12-11-2006

லீமாவுக்கு,

படம் கிடைத்தது. பிள்ளை அழகுதான். மூக்கு உன்னுடையது, காது என்னுடையது, பாவம்.

படிப்பில் நான் மந்தம். ஆனால் வலையில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்க்கிற கண் உண்டு. படத்தில் பிள்ளையின் மூக்கில் குழாய் இல்லை. கன்னத்தில் பிளாஸ்திரி உரித்த சிவப்புத் தடம் மட்டும் இருக்கிறது. சிலிண்டர் மூலையில் நிற்கிறது. குழாயைச் சுருட்டி அதன் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். பொடியன் வாய் நிறையச் சிரிக்கிறான். லேஸ் வைத்த வெள்ளை உடுப்பு. கட்டிலில் வடசேரி ஜவுளிக்கடைப் பை. உன் அண்ணன் தலையைப் படிய வாரி, மெழுகுதிரி பிடித்து நிற்கிறார். நல்ல அவசரம்! வடசேரிக்குப் போய் உடுப்பு எடுக்க நேரம் இருந்தது, படக்காரனைக் கூப்பிட நேரம் இருந்தது. எங்கள் கம்பெனி ஆபீசுக்கு ஒரு போன் அடிக்க மட்டும் இல்லை.

ஊரில் யார் வேண்டுமானாலும் ஆக்சிஜன் என்ற சொல்லைக் கேட்டுப் பயந்திருக்கலாம். சாமியாரும் பயந்திருப்பார். நீ பயந்திருக்க முடியாது லீமா. டாக்டரம்மா சொன்னதை எனக்கு எழுதியதே நீதான். அதை நம்பித்தான் இங்கே இரண்டு பேர் சோறு தின்றோம்.

வண்டி எடுத்ததற்கு உன் அண்ணனுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லு. ஆனால் அதற்குப் பதிலாக நீ எடுத்துக் கொடுத்தது உன்னுடையது இல்லை. தொபியாசுடையது.

பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். அது எனக்கு வராது. படத்தை அவன் கையில் கொடுத்தேன். "பிள்ளை நல்லா மூச்சு விடுதுல்லா மக்கா, அது போதும்" என்றான். என்ன பேர் வைத்திருந்தாய் என்று கேட்டேன். "இனி அது என்னத்துக்கு?" என்று நீலச் சட்டையை எடுத்து மடித்தான். ஏற்கெனவே மடித்திருந்த சட்டை.

கிறிஸ்துமசுக்கு நான் வரவில்லை. அவனும் லீவு வேண்டாம் என்றான். நான்தான் கெஞ்சி அனுப்புகிறேன். உங்கள் வாசலில் வந்து நிற்பான். யார் என்ன சொன்னாலும் பிள்ளையை அவன் கையில் கொடு. தலையைத் தொட்டு, காதில் ஒரு பேர் சொல்லுவான். கோயில் ஏட்டில் அது ஏறாது. என்ன பேர் என்று நீ கேட்காதே.

திரும்பி வந்ததும் எனக்குச் சொல்லுவதாகச் சம்மதித்திருக்கிறான். அதன்பிறகு நான் எழுதுகிற கடிதங்களின் உறைமேல் அந்தப் பேர்தான் இருக்கும். இப்படி ஒரு ஆள் இந்த வீட்டில் உண்டா என்று தபால்காரர் கேட்பார். உண்டு என்று சொல்லி வாங்கி, பிரிக்காமல் வை. படிக்கத் தெரிந்ததும் பிள்ளையே பிரித்துக்கொள்ளட்டும்.

ஏசுஅடிமை