நீலம் இரண்டு, ஆரஞ்சு ஒன்று

6 ஏப்ரல் 2008, ஞாயிறு

பரணிலிருந்து கூடார மூட்டையை இறக்கினேன். போன வருஷத்துச் சக்ராதா மலை மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வைதேஹி எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தன் பாத்திரம் ஒன்றுகூட வாசலைத் தாண்டாது என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். போன தடவை அவளுடைய எவர்சில்வர் தம்ளர் இரண்டை நசுக்கிக்கொண்டு வந்தேன். சுமந்த எனக்கும் ஒரு வாரம் முதுகு நிமிரவில்லை. ஐம்பத்தாறு வயதில் மலையில் கூடாரம் போட்டுப் படுப்பதே அதிகப்பிரசங்கித்தனம், அதில் பாதி சமையலறையை வேறு தூக்க வேண்டுமா?

பிள்ளை அர்விந்த் மே மாதம் அமெரிக்காவிலிருந்து வருகிறான். கனமில்லாத பாத்திரமாகக் கொண்டுவரச் சொல்லி மெயில் போட்டேன்.

9 ஏப்ரல்

பிள்ளையிடமிருந்து பதில். டைட்டானியமாம். விமானம் செய்கிற உலோகத்தில் டீ குடிக்கப் போகிறோம்! ஒரு கப் எழுபது கிராம்கூட இல்லை. நீலம், ஊதா, பச்சை, ஆரஞ்சு, பொன், ரோஜா என்று ஆறு நிறம். பெயிண்ட் இல்லை, மின்சாரம் பாய்ச்சி ஏற்றுகிற நிறம் என்கிறான். அதே நிறத்தில் கரண்டியும் உண்டு, நுனியில் முள் வைத்தது. சீக்கிரம் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்கிறான்.

கல்யாணப் புடவை எடுக்கிற மாதிரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் பார்த்தேன். ஃபைல் எங்கே ஓடிவிடும்?

13 ஏப்ரல், வருஷப் பிறப்பு

மலை மந்திர் முருகன் கோயிலில் ஏகக் கூட்டம். சேஷனைப் பார்த்தேன். அவன் கும்பகோணத்தில் என்னோடு படித்தவன், இங்கே டெல்லி ஆபீஸில் பக்கத்து செக்ஷன். பிரகாரத்திலேயே கப் விவாதம். ஒற்றைச் சுவர் கப் என்றால் உதடு சுடும், இரட்டைச் சுவர் என்றால் அடுப்பில் வைக்க முடியாது. அடுப்பில் வைக்கிறதுதான் வேண்டும், உதடு சுட்டால் ஊதிக் குடிப்போம் என்று முடிவாயிற்று. நிறம் அவனுக்கு நீலம். எனக்கும் நீலம்தான் பிடித்திருக்கிறது. சுபாஷிணியைக் கேட்டேன். "ஆரஞ்சு ஏக்தம் மஸ்த், அப்பா" என்றாள், பிரமாதமாம். இருபது வயசு, தமிழில் ஒரு வாக்கியம் முழுசாக வராது. இந்த நோட்டைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போகலாம், அவளால் படிக்க முடியாது.

20 ஏப்ரல்

நீலத்தில் இரண்டுதான் மிச்சம் இருக்கிறதாம். ஆளுக்கு ஒரு நிறமாக எடுத்துவிடுங்கள், அதுதான் அழகு என்று அர்விந்த் எழுதியிருக்கிறான். சேஷன் நீலத்தை விடமாட்டான், நானும் விடுவதாயில்லை. நீலம் இரண்டு, ஆரஞ்சு ஒன்று என்று பதில் போட்டேன். ஒரு பானை, மூன்று கரண்டி.

மூன்றாவது ஆள் அய்யாசாமி. பதினைந்து வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு, எண்பத்தேழில் எங்கள் அமைச்சகத்துக்கு வந்தவர். கூடாரம் அடிப்பது, காற்றில் அடுப்பு மூட்டுவது, கயிற்றில் முடிச்சு, எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. அவர் இல்லையென்றால் நானும் சேஷனும் மலையடிவாரத்து ஓட்டலோடு திரும்பியிருப்போம். அவரிடம் நிறம் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் சரி சார் என்கிற மனுஷர்.

11 மே

அர்விந்த் வந்தாயிற்று, கப்பும் வந்தாயிற்று. படத்தில் பார்த்ததைவிட அழகு. வெளிச்சத்தில் திருப்பினால் நீலத்துக்குள் கொஞ்சம் ஊதா ஓடுகிறது. கையில் வைத்தால் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கிறது. வைதேஹி சபீனாவையும் நாரையும் எடுத்துக்கொண்டு தேய்க்க வந்தாள். தேய்த்தால் நிறம் போய்விடும் என்று பிடுங்கிக்கொண்டேன். தேய்க்க முடியாத பாத்திரமும் ஒரு பாத்திரமா என்று கேட்கிறாள்.

18 மே, ஞாயிறு

இருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். ஜூன் 7 கிளம்புவதென்று தீர்மானம். கப்பை எடுத்துக் கொடுத்தேன். சேஷனுக்கு நீலம், எனக்கு நீலம், அய்யாசாமிக்கு ஆரஞ்சு. ஆளுக்கு ஒரு அடையாளம், கலந்துபோகாது என்று வேடிக்கையாகச் சொன்னேன். அய்யாசாமி கப்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். நல்லா லேசா இருக்கு சார் என்றார். காபி குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டார். கப்பை மேஜை மேலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

21 மே

அய்யாசாமி மலைக்கு வரவில்லையாம். முட்டி வலியாம். சாயங்காலம் அவர் ஓடிப்போய் பஸ் பிடித்ததைப் பார்த்தேன்.

22 மே

என்ன கோபம்? சேஷன் ஏதாவது சொல்லியிருப்பானா? நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவனுக்குத்தான் பொருந்தும். அவனைக் கேட்டேன், சத்தியம் பண்ணுகிறான்.

24 மே, சனி

கப்பைப் பையில் போட்டுக்கொண்டு கோல் மார்க்கெட் போனேன். வெளியில் கொதிக்கிற வெயில். அய்யாசாமி குவார்ட்டர்ஸில் கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வள்ளியம்மை மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறந்து வைத்துவிட்டீர்கள் என்று கப்பை நீட்டினேன்.

"மறக்கல சார். வெச்சிட்டுத்தான் வந்தேன்."

அவர் குரல் உயரவே இல்லை. லீவு லெட்டர் படிக்கிற மாதிரிதான் சொன்னார். "எங்க ஊர் டீக்கடையில எங்க தெருவுக்குத் தனி கிளாஸ். அடியில சிவப்புப் பெயிண்ட்ல ஒரு பொட்டு வெச்சிருப்பான். கலந்துபோகக் கூடாதுன்னு. நீங்களும் அதே வார்த்தையத்தான் சொன்னீங்க."

அப்படி நினைத்துச் சொல்லவில்லை, நீலம் ஸ்டாக் இல்லை, அர்விந்தின் மெயிலைக்கூடக் காட்டுகிறேன் என்று ஏதேதோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஸ்டாக் இல்லாதது சரி சார். மூணு பேர்ல ஆரஞ்சு எனக்குன்னு யாரு முடிவு பண்ணினது?"

யார் முடிவு பண்ணினது?

கப்பைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

25 மே

தூக்கம் சரியில்லை. என்ன நிறம் என்று சேஷனைக் கேட்டேன், இருபது வயசுப் பெண்ணைக்கூடக் கேட்டேன். குடிக்கப் போகிறவரைக் கேட்கவில்லை. ஏன்? சரி சார் என்பாராம்! சொல்ல விட்டால்தானே வேறு ஏதாவது சொல்வார்? அன்றைக்குக் கை நேராக அவரிடம் போய் ஆரஞ்சைக் கொடுத்தது. யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் போயிற்றே, அதுதான் தூங்க விடவில்லை.

இன்னொன்றும் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. காலையில் சேஷன் வந்தான். வைதேஹி வழக்கம்போல் டபரா தம்ளரில் காபி கொண்டுவந்தாள். அய்யாசாமி வந்தால் பூப்போட்ட பீங்கான் கப். அவன் போனதும் கேட்டேன். பீங்கான் யாருக்கு? வந்தவர்களுக்கு என்றாள். சேஷனும் வந்தவன்தானே? அவன் நம்மாத்து மனுஷன் மாதிரி என்றாள். அய்யாசாமி இருபத்தொரு வருஷமாக வருகிறாரே என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இருபத்தொரு வருஷமா எதிர்ல உக்காந்துண்டு நீங்களும்தானே பாத்திண்டிருந்தேள்? ஒரு நாளாவது கேட்டேளா?"

கேட்கவில்லை. பார்த்தேன், தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்கும். ஐயோ, எத்தனை கப் காபி.

26 மே

அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். ஆபீஸ் நோட் மாதிரி இருந்தது. கிழித்தேன்.

28 மே

கான்டீனில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். முடிவு பண்ணினது நான்தான், ஸ்டாக் மேல் பழி போட்டது தப்பு என்றேன். காபி கப் விஷயமும் சொன்னேன். மன்னிக்கணும் என்கிற வார்த்தை ஒரு வழியாக வெளியே வந்தது. ஆரஞ்சு கப் எனக்கு, நீலம் அவருக்கு என்றேன்.

அவர் தட்டிலிருந்த கடைசி பூரியைச் சாப்பிட்டு முடித்தார். "பரவாயில்ல சார்" என்று சொல்லவில்லை. சொல்லுவார் என்று காத்திருந்தேன். நீலம் வேண்டும் என்று தான் கேட்கவில்லையே என்றார், அவ்வளவுதான். ஜூன் 7 காலை ஐந்தரைக்குக் காஷ்மீரி கேட் பஸ் நிலையம் என்று சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

1 ஜூன்

பார்க்கலாம் என்றால் என்ன? நான் பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம்.

5 ஜூன்

அய்யாசாமி வராவிட்டால் எல்லா டிக்கெட்டையும் ரத்து செய்துவிடலாமே என்று சேஷன் கேட்கிறான். கூடாரத்தை யார் அடிப்பது என்பது அவன் கவலை. என் கவலை அது இல்லை. இந்தத் தடவை அவர் வராமல் போனால் இனி ஆபீஸில் குட் மார்னிங்கோடு முடிந்துவிடும், ரிடையர் ஆகிறவரை. ரத்து செய்ய வேண்டாம் என்றேன்.

7 ஜூன், சக்ராதா போகிற பஸ்

வந்திருக்கிறார். எங்களுக்கு முன்னால் வந்து மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கூடாரக் கயிற்றை நான் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார். எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. சேஷன் ஜன்னலோரம் குறட்டை விடுகிறான்.

9 ஜூன், மலை மேல்

தேவதாரு மரத்தடியில் இடம். நேற்றுச் சாயங்காலம் அய்யாசாமி இருபது நிமிஷத்தில் கூடாரம் அடித்துவிட்டார். புதுப் பானை சீக்கிரம் கொதிக்கிறது, அதே வேகத்தில் அடியும் பிடிக்கிறது. கிச்சடியில் பாதி பானையோடு போயிற்று.

டீ போட்டு மூன்று கப்பையும் வரிசையாக வைத்தேன். ஆரஞ்சை என் பக்கம் இழுத்துக்கொண்டு நீலத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் பையைத் திறந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்தார். சாதாரணத் தம்ளர், வாயோரம் வ. அய்யாசாமி என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது.

"இதுல ஊத்துங்க சார்."

ஊற்றினேன். கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

11 ஜூன்

நாளைக்குத் திரும்புகிறோம். பேச்சு, சிரிப்பு எல்லாம் பழையபடிதான். சேஷன் ஓடையில் வழுக்கி விழுந்ததை அவர் நடித்துக் காட்டினார், வயிறு வலிக்கச் சிரித்தோம். தம்ளரை மட்டும் கழுவ யாரிடமும் கொடுப்பதில்லை. தானே கழுவி, துடைத்து, தன் பையில் வைத்துக்கொள்கிறார். நீலக் கப் ஒன்று மூட்டையில் சும்மா கிடக்கிறது. அந்தத் தம்ளரில் எனக்கும் ஒரு வாய் கொடுங்கள் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அது என் மனசு ஆறுவதற்காகக் கேட்டதாக இருக்கும். கேட்கவில்லை.

அடுத்த வருஷமும் வருவீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"வருவேன் சார்," என்றார். "தம்ளரோட வருவேன்."