சேனை வைத்தவள்

அடுப்படியிலும் ஆஸ்பத்திரியிலும் கூடவே இருந்த என் மதினிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறார். உலை வைக்கக் கற்றுக்கொண்டார், உப்புதான் இன்னும் கைக்கு அடங்கவில்லை. வடமதுரையிலிருந்து நம் ஊர் வழியாக இப்போது பஸ் போகிறது. உங்கள் மருமகள், என் மகள் செல்வி, அதில்தான் திண்டுக்கல் பள்ளிக்கூடம் போகிறாள்.

அவள் பிறந்தபோது பஸ் ஏது? பிள்ளையின் தலை பாதியில் நின்றுவிட்டது என்று மருத்துவச்சி கையை விரித்ததும், கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனீர்கள். ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ரத்தம் நிற்காமல் நான் நினைவு தப்பிக் கிடந்தேன். பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியது, மனது தேறவில்லை. வண்டி மாட்டின் மணி கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். பிள்ளை அழுதால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். நெற்றியில் ஆயுதம் பட்ட தழும்போடு இருந்த அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெறுப்பு இல்லை மதினி, பயம். அம்மா காத்துக் கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போனாள்.

உங்களுக்கும் அப்போது கைக்குழந்தை. இரண்டையும் மடியில் போட்டுப் பால் கொடுத்தீர்கள். எனக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. ஊரையே வாயடைக்க வைக்கிற உங்களுக்கு அது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் சீனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தீர்கள்.

“பாக்கியம், இவளுக்கு இன்னும் ஆரும் சேனை வைக்கலை.”

“பிறந்த அன்னைக்கே நாக்குல தொட்டு வச்சிருப்பீங்கள்ல?”

“ஆஸ்பத்திரில அம்புட்டுக் களேபரம், ஆருக்கு ஞாபகம்? சேனை வச்சவ கொணந்தான் பிள்ளைக்கு வரும். நான் வச்சு, என் வாயி இவளுக்கு வந்துட்டா உன் மாமியா என்னையத்தான் வையும். நீயே வச்சிரு. செத்த நேரந்தான்.”

தூக்கச் சொல்லவில்லை. விரலை நனைத்து அந்த நாக்கில் வைத்தேன். சப்பினாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். அப்போதே பாசம் பொங்கியது என்று சொன்னால் அது பொய். ஆனால் மறுநாள் நானே கிண்ணத்தைக் கேட்டேன். அவளைத் தூக்கி வைத்துக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. மாட்டு மணிக்குப் பயப்படாமல் இருக்கச் சில வருடங்கள் ஆயின.

செல்வி எதிர்த்துப் பேசும்போதெல்லாம் தெருவில், “இதுக்கு ஆரு சேனை வச்சது?” என்று கேட்பார்கள். “நான்தான்” என்பேன், பெருமையாக. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். என் சாந்த குணத்தைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

உங்கள் கருமாதியன்று அண்ணன் வாய்தவறிச் சொன்னார்.

“பிள்ளையை வெளிய கொண்டாந்ததுமே இவதான் சேனை வச்சா. நீ பிழைக்கமாட்டேன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆத்தா இல்லாம வளரப்போற பிள்ளை, வாயாவது இருக்கட்டும்னு வச்சா.”

ஏன் மதினி, நான் பிழைத்துவிட்டேன் என்றுதானே அதை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள்? பால் கொடுத்து வளர்த்த பிள்ளையை இன்னொருத்தி பக்கம் தள்ளி வைத்தபோது உங்களுக்கு வலிக்கவில்லையா? கேட்கத்தான் நீங்கள் இல்லை. அன்று நான் அப்படி அழுதது எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

செல்விக்கும் ஒருநாள் பிரசவம் வரும். பெற்ற பிள்ளையைத் தொட அவளுக்கு நாளானால், ஆகட்டும். அதுவரை பிள்ளை என் மடியில் இருக்கும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் நாத்தனார்,
பாக்கியம்