நீ தீட்டாமல் விட்ட பக்கம்

இன்று காலை டொராண்டோவில், என் வீடிருக்கும் வெக்ஸ்போர்ட் பகுதி நூலகத்தில், யாரோ பலகையில், 'இது அதைவிடப் பெரியது' என்கிற மாதிரி ஒரு சமனிலிக் கணக்குக்கு வரைபடம் போட்டுவிட்டு அழிக்காமல் போயிருந்தார்கள். குறுக்கே ஒரு கோடு. அதன் மேல்பக்கம் முழுக்கப் பச்சை மையால் தீட்டல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ உயிரோடு இருந்திருந்தால், "உது என்னடி, விடைக்கு மேலயே கிறுக்கி வைச்சிருக்கினம்?" என்று கேட்டிருப்பாய்.

எழுபதுகளில் டொராண்டோவில் தமிழ் முகம் தென்படுவதே அபூர்வம். பெரியவர்களுக்கான அந்தக் கணக்கு வகுப்பில் மதுரைக்காரி நான், யாழ்ப்பாணத்துக்காரி நீ. முதல் நாளே ஒரே மேசையில் ஒட்டிக்கொண்டோம். கணக்கில் தேறினால்தான் கல்லூரியில் ஆய்வுக்கூடப் படிப்புக்கு இடம். எனக்கு அது ஓர் ஆசை, அவ்வளவுதான். உனக்கோ, கல்யாணத்தோடு பாதியில் நின்றுபோன படிப்பு அது. அதை முடித்தே தீருவதென்று இருந்தாய்.

தேர்வுத்தாள் திரும்பி வந்தபோது வரைபடக் கேள்விகளில் எனக்கு முழு மதிப்பெண், உனக்கு முட்டை. தேறவில்லை என்று மேலே எழுதியிருந்தது. எட்டிப் பார்த்தேன். இருவர் கோடும் ஒன்றுதான். ஆனால் நான் தீட்டிய பக்கத்தை நீ விட்டிருந்தாய், நான் விட்டதைத் தீட்டியிருந்தாய். உங்கள் பள்ளியில் வேண்டாத பக்கத்தைத்தான் தீட்டித் தள்ளுவார்களாம், மிஞ்சுவதே விடையாம். இங்கே நேர்மாறு.

"விடுடி, அடுத்த தடவை அவுங்க சொல்றபடியே போட்டுரு," என்றேன். வம்பென்றால் ஒதுங்குகிற ரகம் நான்.

"நான் பிழை விடேல்லை. பிறகேன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும்?" என்று எழுந்துவிட்டாய்.

ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாய்: "நான் தீட்டாத பக்கத்தில் நீங்களே ஒரு புள்ளி எடுங்கள். கணக்கில் போட்டுப் பாருங்கள்." எடுத்தார், பொருந்தியது. தீட்டிய பக்கத்தில் ஒன்று எடுத்தார், பொருந்தவில்லை. பிறகு நான்கு சமனிலிகளைக் கரும்பலகையில் எழுதி, ஒரே வரைபடத்தில் உன் வழியில் போடச் சொன்னார். நீ ஒவ்வொன்றிலும் வேண்டாததைத் தீட்டிக்கொண்டே போனாய். கடைசியில் நடுவில் ஒரு சின்ன நாற்கோணம் மட்டும் சுண்ணக்கட்டி படாமல் நின்றது. வகுப்பே அதைப் பார்த்தது.

நல்ல மனிதர் அவர். "இனி எந்தப் பக்கம் விடை என்று ஒரு வரி எழுதிவிடு," என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் மதிப்பெண்ணைத் திருத்தினார். நீ திரும்பி வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி தாவனடி," என்றாய். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கல்லூரிக்குப் போனாய், ஆய்வுக்கூடத்துக்கே தலைமை ஏற்றாய். பின்னாளில் என் அலுவலகத்தில் ஒருவர் எடுத்த எடுப்பில் என் வேலையைத் தப்பு என்றபோது நான் ஒதுங்கவில்லை. "சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள்," என்றேன். அது நீ தந்த தைரியம்.

உன் இறுதிச் சடங்கில் உன் பதவிகளையெல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க அவருக்கு யார்?" என்று கேட்டார்கள். "அவள் எழுந்து நின்ற நாளில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள்," என்றேன்.